எட்டு கிலோ

“என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம பேரு குடுத்திருக்கிய. அப்ப நான் யாரு மைனி? பெத்தவளா, இல்ல பை தூக்கிட்டு வந்தவளா—”

“கேட்டா நீ வந்திருப்பியாட்டி? நேத்தே தலைவலின்னு போர்வைய இழுத்து மூடியிருப்ப—”

“மூடியிருப்பேன்தான்! எம்புள்ளைய ஊரு முன்னால தூக்கி மெஷின்ல வச்சு, இது இத்தனை, அது அத்தனைன்னு—”

“மெஷின் என்ன கடிச்சா வச்சிரும்? அங்கன பாரு, எத்தனை பேரு வரிசையில நிக்காவ—”

“நான் எங்கனயும் பாக்கல. புள்ளைக்குப் பூக்காட்சி காட்டணும், கரகாட்டம் காட்டணும்னுதான கூட்டியாந்திய?”

“அதுவுந்தான் காட்டப் போறோம்.”

“அத்தை, எனக்கு ஐஸ்கிரீம்,” என்றாள் இருவருக்கும் நடுவில் நின்ற தனுஷ்கா.

“சும்மா கெட மூதி!” இதை மட்டும் இரண்டு பேரும் சேர்ந்து சொன்னார்கள்.

குற்றாலம் கலையரங்கத்தின் வாசல் அது. குடை பிடித்தால் வீண், பிடிக்காவிட்டால் தலை நனையும் என்கிற மாதிரி தூறல். சாரல் விழாவுக்காகக் கட்டிய வளைவின் கீழே வழியை அடைத்துக்கொண்டு இந்த இரண்டு பெண்களும் நின்றதால், வருகிறவர்கள் எல்லோரும் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வந்த ஒரு கூட்டம், நின்று கொஞ்ச நேரம் கேட்டுவிட்டே நகர்ந்தது.

கேள்வி கேட்டவள் இசக்கிச்செல்வி. பதில் சொன்னவள் அவள் கணவன் குற்றாலீஸ்வரனின் அக்கா குருவம்மாள். தென்காசிச் சந்தையில் காய்கறிக் கடை வைத்திருப்பவள். இருவருக்கும் குத்துக்கல்வலசையில் அடுத்தடுத்த வீடு. குற்றாலீஸ்வரன் ராணுவத்தில், பனி பெய்கிற எல்லையில் எங்கேயோ இருந்தான். ஆகவே அந்த வீட்டுச் சண்டை எதுவானாலும் இந்த இரண்டு பேருக்குள்தான் நடந்தாக வேண்டும். தனுஷ்கா மூத்தவள், ஐந்து வயது. இன்றைய சண்டைக்குக் காரணமான இளையவன், குருவம்மாளின் தோளில் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவுமாகத் தூங்கிக்கொண்டிருந்தான். பெயர் மகிழன். ஒரு வயது முடிந்து ஒரு மாதம் ஆகிறது. அவன் பெயரைத்தான் குருவம்மாள் விழாவின் கொழுகொழு குழந்தைகள் போட்டிக்குக் கொடுத்திருந்தாள்.

“இவனா மைனி கொழுகொழு? பாக்கவ சிரிக்கமாட்டாளா?”

“சிரிக்கவ சிரிக்கட்டும். தெருவுல ஒவ்வொருத்தியும் வத்தல் வத்தல்னு சொல்லும்போது நல்லாருந்துச்சோ? அந்த மேலவீட்டுக்காரி அன்னைக்கி என்ன கேட்டா? ‘புள்ளைய வெயில்ல காயப் போட்டியளோ’ன்னு கேட்டா. எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு. அவ வாய மூடணும்.”

“அவ வாய மூடுததுக்கு எம்புள்ளைதான் கெடச்சானா? குடுங்க அவனை. நான் பஸ் ஏறுதேன்.”

“தூங்குதான், தூங்குதான்! எழுப்பாதட்டி!”

குருவம்மாள் சட்டென்று திரும்பி முதுகைக் காட்டினாள். காலையிலிருந்தே இப்படித்தான். குளிப்பாட்டியது அவள், உடுப்பு மாட்டியது அவள், ஆட்டோவில் மடியில் வைத்திருந்ததும் அவள். பெற்றவள் கை நீட்டினால் ‘தூங்குதான்’, ‘இப்பத்தான் அசந்தான்’ என்று ஏதாவது ஒரு சாக்கு.

இசக்கிச்செல்விக்குக் கோபம் வந்தது உண்மைதான். ஆனால் கோபத்துக்குக் கீழே கிடந்தது பயம். மகிழன் எட்டாம் மாதமே பிறந்துவிட்டவன். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து பிழைத்தவன். பங்குனியில் டாக்டரிடம் காட்டியபோது எடை ஏழுகூட இல்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்: “சாரல் சீசன் முடியறதுக்குள்ள எட்டு கிலோவைத் தொடணும்மா. தொடலைன்னா திருவனந்தபுரத்துக்குக் கூட்டிட்டுப் போய் இதயத்தைப் பாத்திருவோம். தள்ளிப்போட வேண்டாம்.”

அதற்குப் பிறகு அவள் பிள்ளையை எந்த மெஷின் பக்கமும் கொண்டுபோகவில்லை. அங்கன்வாடியில் எடை பார்க்கிற நாள் வந்தால், வீட்டைப் பூட்டிக்கொண்டு திருவேங்கடத்தில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். மருந்துக்கடை வாசலில் எடை மெஷின் நின்றால் ரோட்டுக்கு அந்தப் பக்கமாக நடப்பாள். எடை தெரியாத வரைக்கும் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. இதற்கு மேல் அவள் யோசிப்பதில்லை.

“மைனி, சொன்னாக் கேளுங்க. ஏழுன்னு காட்டிட்டா நான் என்ன செய்வேன்? இங்கன வச்சு, இத்தனை பேரு முன்னால?”

“காட்டாது.”

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“தெரியும்னா தெரியும். நீ பேசாம வா.”

அதற்குள் அரங்கத்துக்குள்ளிருந்து ஹைருன் பீவி வந்துவிட்டாள். குத்துக்கல்வலசை அங்கன்வாடி டீச்சர். கழுத்தில் விழா அட்டை தொங்கியது. கையில் யாருடையதோ பால் பாட்டில்.

“செல்வி! வந்துட்டியா? நீ வரமாட்டேன்னுல்லா நெனச்சேன். எடை போடுத நாளெல்லாம் ஒங்கம்மாவுக்குச் சொகமில்லாமப் போயிருமே, இன்னைக்கு எப்பிடி இருக்காவ?”

“நல்லாருக்காவ டீச்சர்.”

“நல்லாத்தான் இருப்பாவ. நேத்துகூட ஃபோன்ல பேசினேன். குருவம்மாக்கா, உள்ள வாங்க, சிஸ்டர் உக்காந்தாச்சு.”

இசக்கிச்செல்வி வாயைத் திறப்பதற்குள் குருவம்மாள் பிள்ளையோடு பாதித் தூரம் போயிருந்தாள். தனுஷ்கா அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். இரண்டு பிள்ளைகளும் உள்ளே போன பிறகு பஸ் ஏறி என்ன செய்வது? பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவளும் போனாள்.

மேடையில் கரகாட்டக்காரர்களுக்காக மைக் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். “ஹலோ, ஹலோ” என்று ஒருவர் யாரிடமோ கோபித்துக்கொண்ட குரலில் கூப்பிட்டுக்கொண்டேயிருந்தார். கொழுகொழு போட்டி பக்கத்துக் கூடத்தில். உள்ளே நுழைந்ததும் பவுடர் வாசனையும் பால் வாசனையும் ஈரத்துணி வாசனையும் சேர்ந்து வந்தன. சுவரை ஒட்டிப் போட்ட நாற்காலிகளில் தாய்மார். ஒவ்வொரு மடியிலும் கன்னத்தில் பெரிய மைப்பொட்டோடு ஒரு பிள்ளை. சில பிள்ளைகளுக்கு உள்ளங்காலிலும் பொட்டு.

பக்கத்து நாற்காலியில் இருந்தவளின் மடியில் ஒரு குண்டுப் பையன் நிரம்பி வழிந்தான்.

“உக்காருங்கக்கா. நான் ஜெனி, ஆய்க்குடி. ஒங்க பையனுக்கு எத்தனை மாசம்?”

“பதிமூணு,” என்றாள் இசக்கிச்செல்வி, தரையைப் பார்த்தபடி.

“இவனுக்குப் பத்துதான். தூக்கித் தூக்கி எனக்குத் தோள்பட்டையே எறங்கிப் போச்சு.”

“என்னம்மா குடுக்க இவனுக்கு?” என்று கேட்டாள் குருவம்மாள். சந்தையில் அடுத்த கடைக்காரியிடம் விலை விசாரிக்கிற குரல்.

“நான் என்னத்த குடுக்க? அவனே எடுத்துக்கிடுதான். நேத்து அவுக அப்பா செருப்பத் தின்னுக்கிட்டிருந்தான்.”

“எங்க புள்ளைக்கு ஏத்தங்காய்ப் பொடிதான். நேந்திர வாழைக்காய நானே காய வச்சு இடிச்சுக் குடுக்கேன். ரெண்டு வேளை கஞ்சி.”

“அதான் வெயிட்டா இருக்கான் போல. ஒங்க தோளு எறங்கித் தெரியுதே.”

குருவம்மாள் பட்டென்று தோளை நிமிர்த்திக்கொண்டாள். “அப்பிடியெல்லாம் ஒண்ணும் இல்ல,” என்றாள். புகழ்ந்து பேசினால் கண் படும் என்று பயப்படுகிறாள் போல என்று இசக்கிச்செல்வி நினைத்துக்கொண்டாள். ஆனாலும் அந்த வார்த்தை அவளுக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. வெயிட்டா இருக்கான் போல. முன்பின் தெரியாதவள் சொல்கிறாள். இவளுக்குப் பொய் சொல்ல என்ன தேவை?

“மகிழன்! குத்துக்கல்வலசை மகிழன்!”

“வந்துட்டோம், வந்துட்டோம்,” என்று எழுந்தாள் குருவம்மாள்.

இசக்கிச்செல்வி எழவில்லை. “மைனி, நீங்களே போங்க. எனக்குக் கால் வரல்ல.”

“பெத்தவ வரணும்ட்டி. வா.”

மேஜைமேல் குழந்தைகளைப் படுக்க வைத்து எடைபோடுகிற வெள்ளைத் தட்டு. அதற்குப் பின்னால் நர்ஸ், எல்லோருக்கும் சிஸ்டர். காலையிலிருந்து அழுகைச் சத்தம் கேட்டுக் கேட்டு அவள் முகம் களைத்திருந்தது.

“ஸ்வெட்டரை எடுத்திருங்க. குல்லாவையும்.”

“சட்டைய?” என்று கேட்டாள் குருவம்மாள், கொஞ்சம் அவசரமாக.

“வேண்டாம், சாரல் உள்ள வரைக்கும் அடிக்கி. சட்டை ஜட்டியோட இருக்கட்டும். எல்லாருக்கும் அப்பிடித்தான் பாக்கேன்.”

குருவம்மாள் அவனைத் தட்டில் வைத்தாள். மகிழன் கண் விழித்து, மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்து, அழலாமா வேண்டாமா என்று யோசித்தான். இசக்கிச்செல்வி அந்தச் சிவப்பு எண்களைப் பார்க்கவில்லை. சிஸ்டரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எட்டு தொள்ளாயிரம்.”

“என்ன சொன்னிய?”

“எட்டு கிலோ தொள்ளாயிரம். கிட்டத்தட்ட ஒம்போது. நல்லாருக்கான்மா.”

“சிஸ்டர், நல்லாப் பாருங்க. ஏழு தொள்ளாயிரமா, எட்டா?”

“எனக்கு நம்பர் தெரியாதாம்மா? எட்டுதான். நீங்களே பாருங்க.”

பார்த்தாள். எட்டுதான். அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அந்தச் சிரிப்புக்குள்ளேயே அழுகை வந்து, மூக்கை முந்தானையால் துடைக்க வேண்டியதாயிற்று. “டீச்சர், எட்டு தொள்ளாயிரமாம்,” என்று ஹைருன் பீவியிடம் சொன்னாள். “ஏத்தங்காய்ப் பொடிதான் டீச்சர், வேற ஒண்ணுமில்ல,” என்றாள். ஜெனியைப் பார்த்துக்கூட ஏதோ சொன்னாள். ஜெனி அங்கிருந்தே கட்டைவிரலை உயர்த்தினாள்.

“வா ராசா, எங்கிட்ட வா,” என்று அவள் குனிந்தாள்.

“நான் தூக்குதேன், நான் தூக்குதேன்!” என்று குருவம்மாள் பாய்ந்தாள்.

“விடுங்க மைனி! காலையிலேருந்து நீங்கதான வச்சிருக்கிய!”

இந்த முறை அவள்தான் முந்தினாள். வாரியெடுத்து வயிற்றோடு சேர்த்து இறுக்கினாள்.

“அம்மா, இறுக்காத!” என்று கத்தினாள் தனுஷ்கா. “தம்பி இடுப்புல கொடி குத்தும்!”

“என்ன கொடி?”

“வெள்ளிக்கொடி. அத்தை கட்டுனாவ. துணி சுத்திச் சுத்தி நெறையக் கட்டுனாவ. யாருட்டயும் சொல்லலைன்னா ஐஸ்கிரீம்னு சொன்னாவ. இன்னும் வாங்கித் தரல்ல.”

இசக்கிச்செல்வி பிள்ளையின் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். ஜட்டிக்கு மேலே, பழைய சேலைத் துணியைக் கிழித்தது போன்ற ஒரு பட்டை இடுப்பைச் சுற்றி ஓடியது. உள்ளே தடிமனாக, கெட்டியாக என்னவோ. கை வைத்தால் பாம்பு மாதிரி நெளிந்தது.

“மைனி, இது என்ன?”

“அரைஞாண். ஆம்பளப் புள்ளைக்கு அரைஞாண் கட்டமாட்டாவளா?”

“கருப்புக் கயிறு கட்டியிருக்குல்லா? இது என்னன்னு கேக்கேன்.”

“அதுவும் அரைஞாண்தான். ஒண்ணு எங்க வீட்டுப் பயலுக்குச் சின்னதுல போட்டது, பெட்டியில சும்மா கெடந்துச்சு. ஒண்ணு பக்கத்துக் கடை அய்யாக்குட்டி அண்ணாச்சி வீட்டுல கேட்டு வாங்குனேன். இன்னொண்ணு...”

“இன்னொண்ணு?”

“அது கொடி இல்ல. எங்க மாமியாவோட கால்தண்டை. ரெண்டையும் சேத்து முடிஞ்சு வச்சிருக்கேன்.”

வரிசையில் இருந்த தாய்மார் எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள். சிஸ்டர் பேனாவைக் கீழே வைத்தாள். ஹைருன் பீவி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“ஏ குருவம்மாக்கா, என்ன வேலை பாத்து வச்சிருக்கிய? சந்தையில தராசுக்கடியில புளி ஒட்டுத மாதிரில்லா இருக்கு!”

“நான் எந்தக் காலத்துல புளி ஒட்டுனேன்? வாய அளந்து பேசு ஹைருனு!”

“பின்ன இது என்ன?”

“சட்டைய அவுக்கச் சொல்லுவா, ஸ்வெட்டர அவுக்கச் சொல்லுவா. ஆம்பளப் புள்ள அரைஞாண அவுக்கச் சொல்ல எவளுக்கும் மனசு வராது. அதான், அதுலயே கட்டுனேன். திருட்டா பண்ணேன்? எம்புள்ளைக்கு எங்க வீட்டு வெள்ளியப் போட்டேன்.”

ஜெனி தன் பையனைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்து எட்டிப் பார்த்தாள். “அக்கா, எனக்கு முன்னாலேயே தெரிஞ்சிருந்தா இவனுக்கும் ரெண்டு கட்டியிருப்பேனே,” என்றாள். யாரோ சிரித்தார்கள். இசக்கிச்செல்வி சிரிக்கவில்லை. அவள் முகத்தில் கொஞ்சம் முன்பு வந்த சந்தோஷமெல்லாம் போய்விட்டிருந்தது.

“எம்புட்டு இருக்கும்?”

“என்னது?”

“வெள்ளி. எடை எம்புட்டு இருக்கும்னு கேக்கேன்.”

“பாக்கலியே.”

“கடையில தராசு வச்சிக்கிட்டா பாக்கல்ல?”

“முக்காக் கிலோ இருக்கும். ஒரு கிலோகூட இருக்கும். தெரியல்லட்டி, நெசமாத் தெரியல்ல.”

ஒரு கிலோ என்றால் எட்டுக்குக் கீழே. அந்தக் கழித்தலைச் செய்ய இசக்கிச்செல்விக்குக் காகிதம் தேவைப்படவில்லை. அவள் பிள்ளையை மேஜைமேல் நிறுத்தினாள்.

“அவுத்துட்டுத் திரும்ப வையிங்க சிஸ்டர்.”

“எதுக்குட்டி?” குருவம்மாளின் குரல் மாறிவிட்டது. “அதான் காட்டிட்டுல்லா. போதும். போட்டியும் வேண்டாம், பரிசும் வேண்டாம். பேர அடிச்சிருங்க. வா, கரகாட்டம் பாத்துட்டு வீட்டுக்குப் போயிருவோம். ஏட்டி செல்வி, வா.”

“வரமாட்டேன்.”

“நீதான பஸ் ஏறுதேன்னு நின்ன?”

“நின்னேன். அப்ப எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரியாமலே இருந்துருவோம்னு இருந்தேன். இப்ப எட்டு தொள்ளாயிரம்னு கேட்டு, அழுது, சிரிச்சு, எல்லாம் ஆயாச்சு மைனி. இனிமே நெசம் தெரியாம வீட்டுல போயி நான் எப்பிடி ஒறங்குவேன்? அவுங்க.”

“நல்ல நாளும் அதுவுமா புள்ள இடுப்பக் காலியா விடப்படாது—”

“கருப்புக் கயிறு கெடக்கு, அது போதும். அவுங்க மைனி.”

அவிழ்க்க வரவில்லை. காலையில் குளிப்பாட்டிய ஈரம் ஏறி முடிச்சு இறுகிப் போயிருந்தது. குருவம்மாள் நகத்தால் பார்த்தாள், குனிந்து பல்லால் பார்த்தாள். அத்தையின் தலை தன் வயிற்றில் முட்டியதும் மகிழன் கலகலவென்று சிரித்தான். சிஸ்டர் கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தாள். துணி அறுந்து, வெள்ளி மேஜைமேல் கொட்டிச் சத்தமிட்டது. தண்டை ஒன்று உருண்டு கீழே போக, தனுஷ்கா மேஜைக்கடியில் நுழைந்து எடுத்து வந்தாள்.

“சட்டையவும் எடுத்துருங்க டீச்சர். ஜட்டியவும். ஒண்ணும் இருக்கப்படாது,” என்றாள் இசக்கிச்செல்வி.

“குளிரும்மா.”

“ஒரு நிமிசந்தான?”

ஹைருன் பீவி ஜட்டியைக் கழற்றியதுதான் தாமதம். சாரல் காற்று பட்டதும் மகிழன் நேராக, உயரமாக, அவள் கழுத்தில் தொங்கிய விழா அட்டையின் மேல் பெய்தான்.

“ஐயோ, அதுவும் போச்சே!” என்று அலறினாள் குருவம்மாள். “அது ஒரு நூறு கிராம் இருக்குமே!”

கூடம் முழுக்கச் சிரித்தது. சிஸ்டரே சிரித்துவிட்டாள். ஹைருன் பீவி முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நூறு கிராமுக்கு நான் சாட்சி,” என்றாள். இசக்கிச்செல்வியின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. எந்தச் சாமி என்று அவளுக்கே தெரியாது. அவள் பிள்ளையைத் தன் கையாலேயே தூக்கித் தட்டில் படுக்க வைத்தாள். வைத்த பிறகும் கையை எடுக்க முடியாமல் நின்றாள்.

“கைய எடுங்கம்மா. கை பட்டா கூடக் காட்டும்.”

எடுத்தாள்.

மகிழனுக்குத் தட்டின் குளிர்ச்சி பிடிக்கவில்லை. புரண்டான், உதைத்தான். சிவப்பு எண்கள் அவனோடு சேர்ந்து குதித்தன. ஏழு அறுநூறு. எட்டு எழுநூறு. ஏழு தொள்ளாயிரம்.

“ஏழா?” என்றாள் இசக்கிச்செல்வி.

“இருங்கம்மா, ஆடுதான்ல்லா. நிக்கட்டும்.”

ஜெனி தன் கையிலிருந்த கிலுகிலுப்பையை அவனுக்கு நேராகப் பிடித்து ஆட்டினாள். மகிழன் அதையே பார்த்தான். கால் அடங்கியது. கூடத்தில் சிரிப்பும் அடங்கியது. பக்கத்து அரங்கத்தில் மைக் செட்காரர் மட்டும் இன்னும் ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“எட்டு இருநூறு,” என்றாள் சிஸ்டர்.

இசக்கிச்செல்வி சிஸ்டரின் வாயையே பார்த்தாள்.

“எட்டு கிலோ இருநூறும்மா. ஒண்ணுமே போடாம, ஒண்ணுக்கும் போயிட்டு, எட்டு இருநூறு. நின்னுருச்சு, பாத்துக்கிடுங்க.”

“எட்டத் தொட்டுட்டானா?”

“தொட்டுத் தாண்டிட்டான்.”

“டீச்சர்...”

“இருக்கட்டும் செல்வி, இருக்கட்டும்,” என்றாள் ஹைருன் பீவி. நனைந்த கையோடேயே அவள் முதுகைத் தடவினாள். “எட்டாம் மாசமே பொறந்தவன், பங்குனியில ஏழுகூட இல்ல. இப்ப எட்டு இருநூறு. ஏறுத புள்ளதான் இவன். திங்கக்கெழம டாக்டர்ட்ட கொண்டு காட்டு. திருவனந்தபுரத்துக்கு இப்ப அவசரமில்லன்னுதான் அவரும் சொல்லுவாரு, பாரு. ஆனா ஒண்ணு. இனி மாசாமாசம் ஒங்கம்மாவுக்குச் சொகமில்லாமப் போகப்படாது.”

“போகாது டீச்சர். சத்தியமாப் போகாது.”

அவள் பிள்ளையைத் தூக்கினாள். ஒன்றும் போடாத அந்த வெற்று உடம்பைத் தன் சேலைத் தலைப்புக்குள் வைத்து மூடிக்கொண்டாள். கை உணர்ந்த கனம், இவ்வளவு நாளும் உணர்ந்த அதே கனம்தான். ஆனால் இப்போது அதைத் தூக்கிக்கொண்டு செங்கோட்டை வரைக்கும் நடக்கலாம் போலிருந்தது. சுற்றி நின்ற தாய்மாரில் ஒருத்தி அவளுக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். இன்னொருத்தி, “எம்மவளும் எட்டு மாசத்துலதான்க்கா பொறந்தா,” என்று ஆரம்பித்தாள்.

“மைனி எங்க?” என்றாள் இசக்கிச்செல்வி.

குருவம்மாள் கூடத்தின் கோடியில், அடுக்கி வைத்த நாற்காலிகளுக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு காதிலும் விரலை விட்டிருந்தாள். தனுஷ்காதான் போய் இடித்துக் கூப்பிட வேண்டியிருந்தது.

“அத்தை! எட்டாம்!”

“என்னது?”

“எட்டு! தம்பி எட்டு!”

“எட்டுன்னா சொன்னா? வெள்ளி இல்லாமலா?”

“வெள்ளி இல்லாம, ஜட்டி இல்லாம!”

குருவம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “முருகா, ஆய்க்குடி முருகா,” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்து, மேஜைமேல் கிடந்த வெள்ளியையெல்லாம் முந்தானையில் வாரி முடிந்துகொண்டாள். எடைத் தட்டை ஒரு தடவை உள்ளங்கையால் தட்டிக்கொடுத்தாள்.

“சிஸ்டர், அப்ப போட்டியில எங்க பேரு...”

“பரிசும் வேண்டாம், போட்டியும் வேண்டாம். நேரா வெளிய போங்கக்கா,” என்றாள் சிஸ்டர்.

பரிசு ஜெனியின் பையனுக்குத்தான் போனது. பிளாஸ்டிக் டிபன் பாக்ஸைக் கொடுத்த மறு நிமிடம் அவன் அதன் மூடியைக் கடிக்க ஆரம்பித்தான். ஜெனி வெளியே வந்து இவர்களைத் தேடிப் பிடித்து, ஏத்தங்காயை எத்தனை நாள் காய வைக்க வேண்டும் என்று கேட்டுப் போனாள். “இவனுக்கு எதுக்கும்மா? ஒன் வீட்டுக் கதவத் தின்னுருவான்,” என்றாள் குருவம்மாள். சொல்லியும் கொடுத்தாள்.

அரங்கத்தில் கரகாட்டம் தொடங்கியிருந்தது. நையாண்டி மேளம் நெஞ்சுக்குள் அடித்தது. பின் வரிசையில் நாற்காலி கிடைத்தது. தனுஷ்கா ஒரு கையில் ஐஸ்கிரீமோடு, மறு கையால் தலையில் இல்லாத கரகத்தைப் பிடித்துக்கொண்டு, நடைபாதையில் ஆடினாள். முன் வரிசைக்காரர்கள் மேடையை விட்டுவிட்டுத் திரும்பி இவளைப் பார்த்தார்கள். மகிழன் அம்மாவின் மடியில் ஸ்வெட்டருக்குள் மறுபடியும் தூங்கிப் போனான்.

“எந்தம்பிக்குச் சொல்லிட்டியா?” என்று கேட்டாள் குருவம்மாள்.

“சிக்னல் இல்ல. எட்டு இருநூறுன்னு மட்டும் வாய்ஸ் அனுப்பியிருக்கேன். கேக்கும்போது கேப்பாவ.”

“வெள்ளியப் பத்தி?”

“அதச் சொல்லல்ல.”

“சொல்லாத. அவன் என்னைய ஏசுவான்.”

“ஏசட்டும். நல்லா ஏசட்டும்.” இசக்கிச்செல்வி சிரித்தாள். “அய்யாக்குட்டி அண்ணாச்சிகிட்ட என்னன்னு சொல்லி வாங்குனிய?”

“புள்ளைக்குக் கண்ணு பட்டுரும்னு சொன்னேன்.”

“நல்லாத்தான் சொன்னிய.”

குருவம்மாள் மடியிலிருந்த முடிச்சைத் தடவிக்கொண்டிருந்தாள். மேளம் ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்றுக்குத் திரும்பியது. தனுஷ்கா கால் தடுக்கி விழுந்து, ஐஸ்கிரீம் போகவில்லை என்று பார்த்துக்கொண்டு எழுந்தாள்.

“மைனி, ஒண்ணு கேக்கட்டா? கத்தரிக்காய அள்ளும்போதே இது இம்புட்டுன்னு சொல்லுத ஆளு நீங்க. நான்தான் மெஷினப் பாத்தா ஓடுனேன். உங்களுக்குத் தூக்கும்போதே தெரிஞ்சிருக்குமே?”

“கத்தரிக்காய் வேறட்டி.” குருவம்மாள் மேடையையே பார்த்தாள். “இவனத் தூக்குனா எனக்குக் கணக்கு வரல்ல. ஒரு நாளு எட்டுன்னு தோணும். ஒரு நாளு ஆறுன்னு தோணும். கடையில தராசுல ஒரு தடவை வச்சுப் பாத்துருவோம்னு கொண்டும் போனேன். தட்டத் தொடச்சேன், துணி விரிச்சேன். வைக்க முடியல்ல. மழை வருதுன்னு சொல்லி வீட்டுக்குக் கொண்டாந்துட்டேன்.”

“எப்ப?”

“நீ ரேஷனுக்குப் போன அன்னைக்கி.”

“அன்னைக்கி ஏது மழை?”

குருவம்மாள் தனுஷ்காவைக் கூப்பிட்டு, ஒழுகுகிற ஐஸ்கிரீமைத் தன் முந்தானையால் துடைத்துவிட ஆரம்பித்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

“அப்ப என்னைய விட நீங்கதான் கூடப் பயந்துக்கிட்டு இருந்திருக்கிய, இல்லையா மைனி?”